கொள்வார் உண்டோ?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டையும் செய்து பார்த்தவர்கள் கூட, யாரோ கட்டிய வீட்டைத் தரகர் மூலம் வாங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. பார்த்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன்பு உத்தமபாளையத்தில் ஒரு வீட்டின் மேல் ஆசை வைத்தேன். ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, கொல்லையில் கிணறு, கிணற்றடியில் இரண்டு தென்னை. அங்கே நின்றால் மேற்கு மலைகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். என் தாயார் பிறந்த ஊர் அது. "வாடகை வீட்டிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு போகாதே" என்று அவர்கள் அடிக்கடி சொல்வதுண்டு. ஆகவே, இது வெறும் செங்கல் விஷயம் அல்ல.

தரகர் முதலில் சொன்ன விலை முப்பத்தாறு லட்சம். சரி என்றேன். இரண்டு நாள் கழித்து, "சார், கம்பத்திலே திராட்சைத் தோட்டக்காரர் ஒருத்தர் முப்பத்தெட்டு தர்றேங்கிறார்" என்றார். நானும் முப்பத்தெட்டு என்றேன். அடுத்த வாரம் நாற்பது ஆயிற்று. அதற்கும் தலையை ஆட்டினேன். பிறகு வெளிநாட்டுப் பார்ட்டி ஒன்று நாற்பத்திரண்டுக்கு வந்தது. அந்தத் திராட்சைத் தோட்டக்காரரையும் நான் பார்க்கவில்லை, வெளிநாட்டாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்கார அம்மாளையாவது பார்க்கலாமா என்று கேட்டேன். "அவுங்க திருப்பூர்லே மகனோட இருக்காங்க சார். நேர்ல போனா கோவிச்சுக்குவாங்க, காரியம் கெட்டுடும்" என்றார். பேனா பிடிக்கிறவனின் பெட்டி நாற்பதோடு காலியாகிவிட்டது. வீடு நாற்பத்து மூன்றுக்குப் போய்விட்டது என்று பத்து நாளில் செய்தி வந்தது. என் தாயார் அடுத்த தையில் வாடகை வீட்டில்தான் கண்ணை மூடினார்கள்.

அந்த வருத்தத்தில் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. விற்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர்; இந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்ற வழக்கம் எப்போது வந்தது? புத்தகங்களைப் புரட்டினேன்.

மைசூரில் ஆர். சாமசாஸ்திரி 1905-இல் கண்டெடுத்து 1909-இல் அச்சிட்ட கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் வீடு விற்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. உறவினர், அண்டை வீட்டார், கடன் கொடுத்தவர் என்ற வரிசையில் வாங்கும் உரிமை உண்டு. விற்கிற வீட்டுக்கு முன்னாலேயே, சுற்றுப்புறத்து நாற்பது குடும்பத்தார் முன்னிலையில், எல்லைகளையும் விலையையும் உரக்கச் சொல்ல வேண்டும். இந்த விலைக்கு வாங்குவார் யார் என்று மூன்று தடவை கேட்க வேண்டும். மறுப்புக் குரல் எழாவிட்டால் கேட்டவர் வாங்கிக்கொள்ளலாம். போட்டியினால் விலை ஏறினால், ஏறிய தொகை வரியோடு சேர்ந்து அரசாங்கப் பொக்கிஷத்துக்குப் போய்விடும். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். முப்பத்தாறு நாற்பத்திரண்டு ஆன அந்த ஆறு லட்சமும் அரசனுக்கு என்றால், கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் பிறந்தே இருக்க மாட்டார்!

நம் தமிழ்நாட்டிலும் வழக்கம் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. சோழர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகள் சிலவற்றில் விற்பவர் முன்கூறுகிறார், வாங்குபவர் பின்கூறுகிறார். இந்த நிலத்தைக் கொள்வார் உண்டோ என்று ஒரு குரல். நான் கொள்வேன் என்று மறு குரல். விலை இருவருக்கும் இசைந்த விலை. நான்கு எல்லையும் சொல்லப்படுகின்றன. பணம் முழுவதும் கைக்கு வந்தது என்பதும் எழுதப்படுகிறது. லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற ஆனைமங்கலம் செப்பேடுகளிலோ, தானம் செய்த ஊரின் எல்லையைப் பெண் யானையை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். யானை நடந்த எல்லையை யார் மறைக்க முடியும்? ஏலம் என்ற சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது என்பார்கள். சொல் வேண்டுமானால் கப்பலில் வந்திருக்கலாம். நாலு பேர் கேட்க விலை சொல்லும் வழக்கம் கப்பலுக்கு முந்தியது.

தரகரும் பழைய ஆள்தான். அவரைத் திட்டி மட்டும் முடித்துவிடுவது நியாயம் ஆகாது. மாட்டுச் சந்தையில் தரகு பேசுகிறவரைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். இருவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் மறையும். விரல்கள் பேசும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு முகம் தெரியும், விலை தெரியாது. ஆனாலும் அங்கே மாடு எல்லோர் கண் முன்னாலும் நிற்கிறது. பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். மாட்டுக்காரனும் பக்கத்திலேயே நிற்கிறான். பிடிக்காவிட்டால் கையை உதறிக்கொள்வான். வீட்டுத் தரகர் அந்தத் துண்டைத் திருப்பூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே விரித்துவிட்டார். அதுதான் வித்தியாசம்.

நம் பள்ளத்தாக்கின் தலையெழுத்தையே மாற்றிய ஒரு நிலப் பேரம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பெரியாற்று நீரைத் திருப்புவதற்காகத் திருவிதாங்கூரின் நிலத்தைச் சென்னை சர்க்கார் கேட்டது. பல்லாண்டுப் பேச்சுக்குப் பிறகு 1886 அக்டோபர் 29-ஆம் தேதி குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய். காலம் 999 ஆண்டு. மூலம் திருநாள் மகாராஜாவுக்காகத் திவான் ராமையங்கார் கையெழுத்திட்டார். இந்தியா மந்திரிக்காகக் கையெழுத்திட்டவர் திருவிதாங்கூரில் இருந்த ரெசிடென்ட் ஹானிங்டன். ரெசிடென்ட் என்றால் யார்? மகாராஜாவின் தலைநகரில் பிரிட்டிஷாரின் யோசனையைச் சொல்லும் அதிகாரி. அந்த யோசனைக்குச் செவி சாய்க்க வேண்டும் என்பது 1805 உடன்படிக்கையின் ஏற்பாடு. அதாவது, சொந்தக்காரருக்குப் புத்தி சொல்ல வேண்டியவரே வாங்குகிறவரின் ஆளும்! தரகு சாஸ்திரத்தில் இதற்கு மேல் ஒரு படி கிடையாது.

நான் அந்த அணையைக் குறை சொல்லவில்லை. பென்னிகுயிக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து வந்த தண்ணீரால்தான் இந்தப் பக்கத்து வயல்கள் பச்சை பிடித்தன. நானும் அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்றவன். ஆனால் ஏக்கருக்கு 5 ரூபாய் என்ற குத்தகையை 30 ரூபாயாக மாற்ற 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமமாக உட்கார்ந்து பேசாத பேரத்துக்கு ஆயுள் அதிகம். அதன் மனக்கசப்புக்கோ அதைவிட ஆயுள் அதிகம்.

சட்டத்துக்கு இந்தத் தந்திரம் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 215, 216 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கொடுத்திருக்கும் உதாரணங்கள் சிறுகதை போலவே இருக்கும். என் சொத்தை விற்றுக் கொடு என்று ஒருவன் ஏஜெண்டிடம் சொல்கிறான். ஏஜெண்டு வேறொருவர் பெயரில் தானே வாங்கிக்கொள்கிறான். முக்கியமான விஷயத்தை வஞ்சகமாய் மறைத்திருந்தாலும், விற்றவனுக்கு அது பாதகமாய் முடிந்திருந்தாலும், அவன் அந்த விற்பனையை ஒப்ப மறுக்கலாம். இன்னொருவன், எனக்கு இந்த வீட்டை வாங்கிக் கொடு என்கிறான். அது கிடைக்காது என்று சொல்லிவிட்டு ஏஜெண்டு தானே வாங்கிக்கொள்கிறான். விஷயம் வெளிப்பட்டால், அவன் கொடுத்த விலைக்கே தனக்குத் தரும்படி கட்டாயப்படுத்தலாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே சட்டம் எழுதியவர் என் தரகரைச் சந்தித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு 2016-இல் மனைத் தொழிலுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஏஜெண்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் அது பதிவு செய்யப்பட்ட புதிய மனைத் திட்டங்களை விற்பவர்களுக்கு. உத்தமபாளையத்துத் திண்ணை வீட்டுக்கு அந்தக் குடை எட்டாது.

இதே பள்ளத்தாக்கின் போடிநாயக்கனூரில் ஏலக்காயை ஏலத்தில்தான் விற்கிறார்கள். யார் எவ்வளவு கேட்டார், கடைசி விலை என்ன என்பது எதிரே திரையில் தெரிகிறது. ஒரு கிலோ ஏலக்காய்க்குக் கிடைக்கிற வெளிச்சம், ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்துக்குக் கிடைக்கவில்லை.

இத்தனையும் படித்து முடித்த பிறகு, ஒரு சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் அந்த அம்மாளைத் தற்செயலாகச் சந்தித்தேன். தெரிந்தவர் ஒருவர் அறிமுகம் செய்து வைத்தார். எழுபது வயதிருக்கும். பேச்சு வீட்டுக்குத் திரும்பியது.

"எனக்கு வந்தது முப்பத்து மூணு தம்பி. நீங்க வேண்டாம்னுட்டீங்க, வேற ஆளே வரலேன்னு சொன்னாரு. பெறகுதான் தெரியும், கிரயம் அவரு மச்சினன் பேர்ல ஆயிருக்குன்னு."

நான் நாற்பது வரைக்கும் சொன்னேன் என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. நான் 215-ஆம் பிரிவைப் பற்றி ஆரம்பித்தேன்.

"இந்த வயசுலே கோர்ட்டுப் படி ஏறச் சொல்றீங்களா? அது கெடக்கட்டும். அம்மாவுக்காகத்தானே கேட்டீங்க? ஒரு பஸ் ஏறி வந்து என்கிட்டே கேட்டிருக்கலாமே, தம்பி. திருப்பூர் என்ன சீமையிலா இருக்கு?"

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. தரகர் தடுத்தார் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி வேறு. ஒரு வீட்டு வாசலில் நின்று, "அம்மா, இதை எனக்குத் தருவீர்களா? என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது" என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பணத்தைப் பற்றி நேரில் பேசுவது கௌரவக் குறைவு என்று நினைத்தேன். அந்தக் கௌரவத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதற்குத்தான் தரகருக்குக் கூலி தருகிறோம். முன்கூறவும் பின்கூறவும் கூச்சப்படாத மனிதர்கள் தங்கள் பேரத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நான் துண்டுக்குள் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது இப்போதும் எட்டிப் பார்க்கிறேன். திண்ணையை இடித்துவிட்டார்கள். தென்னை இரண்டும் நிற்கின்றன.