கழுவுதல்

பிலிம் ரோலை டெவலப் செய்வதைத் தமிழில் ‘கழுவுவது’ என்கிறோம். கழுவு என்பது குறுந்தொகையிலேயே துணிக்கு வழங்கும் பழைய வினை. மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழர் காதில் அன்றாடம் விழும் இந்தியிலும் ரீலைத் ‘துலாய்’க்குத்தான் கொடுப்பார்கள், அதற்கும் கழுவல் என்றே பொருள். உருவத்தை வெளிக்கொணர்வது டெவலப்பர் என்ற ரசாயனம் அல்லவா, கழுவல் வெறும் கடைசி வேலைதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் பாதி உண்மையே அதில் இருக்கிறது. டெவலப்பர் ஒளி பட்ட வெள்ளி உப்பை மட்டும் கரிய வெள்ளியாக மாற்றும். ஒளி படாத உப்பு பால்நிறமாக பிலிமிலேயே படிந்திருக்கும். அப்படியே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் நாளடைவில் அதுவும் கறுத்து உருவத்தை விழுங்கிவிடும். அந்த உப்பைக் கரைத்து நீக்குவது ஹைப்போ என்ற ரசாயனம். வெள்ளி உப்பை அது கரைக்கும் என்று அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டார். 1839இல் அதையே ஒளிப்படத்தை நிலைப்படுத்தப் பயன்படுத்தினார். பிறகு ஓடும் நீரில் ஹைப்போவையும் போக்கியாக வேண்டும். தங்கிவிட்டால் படம் பழுத்து மங்கும். ஆக, வேண்டாததை நீக்கினால்தான் வேண்டியது நிற்கிறது. குளியலறையை இருட்டறையாக்கும் மும்பைவாசிக்கு இந்தச் சொல் இன்னும் பொருந்தும்: பிலிம் கழுவ வழக்கமான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ்; கோடைக் குழாய்த் தண்ணீரோ அதைவிடச் சூடு. சூடு மிஞ்சினால் பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் இளகும். அங்கே கவனம் முழுவதும் தண்ணீர் மேல்தான்.