பைலட் படிப்பு: பணம் கட்டும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பங்களுக்கு முன்பணம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாங்கிய முன்பணம் அடையும் வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. பாவு வராத வாரம் கூலியும் கிடையாது. பிள்ளையைப் பைலட் ஆக்க நினைக்கும் நம் பெற்றோர், அந்த வேலையிலும் இந்த இரண்டு சிக்கல்களும் உண்டு என்பதை முதலில் அறிய வேண்டும்.

தகுதி

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். வணிக விமானி உரிமம் பெற 18 வயதும், 200 மணி நேரம் விமானம் ஓட்டிய அனுபவமும் தேவை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேற வேண்டும். மருத்துவப் பரிசோதனையை முதலிலேயே முடித்துவிடுங்கள். லட்சங்களைக் கட்டிய பிறகு உடல் தகுதி இல்லை என்று தெரிந்தால் இழப்பு நமக்குத்தான்.

செலவு

உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் உள்ள அரசு நிறுவனமான இந்திரா காந்தி விமானப் பயிற்சி அகாடமியில், நுழைவுத் தேர்வு மூலம் சேரலாம். அங்கேயே கட்டணம் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும். உரிமம் பெற்றதும் வேலை வந்துவிடாது. ஏடிஆர், ஏர்பஸ் என ஓட்டப்போகும் விமான வகைக்கென்று தனிப் பயிற்சி உண்டு. அதற்கும் பல லட்சங்கள் ஆகும். அந்தச் செலவை நிறுவனம் ஏற்றால், இத்தனை ஆண்டுகள் வேலை செய்வேன், விலகினால் இவ்வளவு தருவேன் என்று பத்திரம் எழுதி வாங்குவது வழக்கம். இது தவிர, துணை விமானி விலக ஆறு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று டிஜிசிஏ 2017இல் விதி வகுத்தது.

சம்பளம்

சிறு நகரங்களுக்குப் பறக்கும் ஏடிஆர் விமானங்களில் சம்பளம், ஜெட் விமானங்களைவிடப் பொதுவாகக் குறைவு. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை மட்டுமே கிடைப்பதும் உண்டு. சம்பளத்தின் பெரும்பகுதி பறக்கும் மணிகளைப் பொறுத்தது. அதனால் மாதத்துக்கு எத்தனை மணி நேர ஊதியம் உறுதி என்பதுதான் முக்கியமான கேள்வி. 2024இல் விஸ்தாரா நிறுவனம் இந்த உறுதியை 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைத்தபோது விமானிகள் எதிர்த்தனர். பல விமானங்கள் ரத்தாயின.

நிறுவனமே நின்றுபோவதும் உண்டு. உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சேலம்–சென்னை சேவையைத் தொடங்கிய ட்ரூஜெட், 2022 தொடக்கத்தில் பறப்பதை நிறுத்தியது. ஊழியரின் வேலை போனாலும் கடன் தவணை நிற்பதில்லை.

நாம் செய்ய வேண்டியது

பிள்ளைகளின் கனவைத் தடுக்க இதை எழுதவில்லை. ஹைதராபாதில் ஒரு பேக்கரித் தொழிலாளியின் மகள், சமுதாயத்தவரின் உதவியாலும் தெலங்கானா அரசின் நிதியாலும் விமானி ஆனார். வட்டிக் கடனில் வீட்டை அடகு வைப்பதற்கு முன், அரசு உதவிகளை விசாரியுங்கள். ஊர் ஜமாஅத்தும் வசதி படைத்தோரும் சேர்ந்து இத்தகைய மாணவர்களுக்கு அழகிய கடன் வழங்க முன்வர வேண்டும்.

கடனை எழுத்தில் பதிவு செய்யும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. பத்திரத்தின் ஆண்டுகள், விலகினால் கட்ட வேண்டிய தொகை, உறுதி செய்யப்பட்ட பறக்கும் மணிகள், நிறுவனம் மூடினால் பத்திரத்தின் நிலை ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். நம் பிள்ளைகளின் முயற்சிகளை அல்லாஹ் எளிதாக்குவானாக!