பட்டியல், ஓடை, தேதி

என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்தது. இணையத்தில் எதையாவது படித்து, நம்மாட்களுக்கு உதவும் என்று பட்டால் சுட்டியை ஒரு கோப்பில் ஒட்டி வைப்பேன். உண்மை அறியும் குழு அறிக்கைகள், தீர்ப்புகள், பழைய சிறுபத்திரிகைப் பக்கங்கள் என்று அறுநூறைத் தாண்டிவிட்டது. 'இதை எவன் உக்காந்து படிப்பான்? செய்தியோடையா மாத்திக் குடுங்க, தினம் நாலஞ்சு வந்து விழட்டும்' என்றார் ஒரு தோழர். மாற்றினேன். மறுநாள் காலையிலேயே இன்னொருவரிடமிருந்து தொலைபேசி: 'என்னங்க, வெண்மணியில திரும்பவும் எரிச்சுட்டானுங்களா?'

கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது 1968 டிசம்பர் 25இல். தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது 1973இல். என் பட்டியலில் இருந்தது அது பற்றிய ஒரு கட்டுரை. சுட்டியோடு நான் தேதி எதுவும் குறித்து வைக்கவில்லை. பட்டியலுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஓடையைப் படித்துக் காட்டும் மென்பொருளோ, தேதியில்லாமல் வருவதற்குத் தான் முதலில் பார்த்த நேரத்தையே தேதியாக ஒட்டிவிட்டது. தோழர் தலைப்பையும் நேரத்தையும் மட்டும் பார்த்திருக்கிறார்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன்.

முதலில் பட்டியல்தான். 1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் தங்களுக்குப் பிடித்த தளங்களைத் தலைப்புவாரியாக அடுக்கினார்கள். அதுவே யாஹூ ஆயிற்று. எதை எந்தத் தலைப்பின் கீழ்ப் போடுவது என்பதில் அதிகாரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்த அதிகாரம். இதை ஏன் இங்கே வைத்தாய் என்று சண்டை போடலாம். பழையது, புதியது என்ற பேதம் அந்த அடுக்குக்குள் பெரிதாக இல்லை.

1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் வாசல் பக்கத்தில் பிற தளங்களின் தலைப்புகளையும் சின்னச் சின்னப் பெட்டிகளில் காட்ட விரும்பியது. அதற்காக வகுத்த வடிவம்தான் ஆர்எஸ்எஸ். தலைப்பு, சுட்டி, அதே ஆண்டு ஜூலையில் வந்த அடுத்த பதிப்பில் சிறு விளக்கமும். ஒரு விதி என்னை நிறுத்தியது: ஓர் ஓடையில் அதிகபட்சம் 15 உருப்படிகள். பதினாறாவது வந்தால் ஏதோ ஒன்று வெளியே போயாக வேண்டும். எது போகும்? பழையதுதான். ஒரு வணிகத் தளத்தின் பெட்டி அளவு மறதியின் அளவாக மாறிய இடம் இது. 15 என்ற வரம்பு பின்னால் நீங்கியது. பழக்கம் நீங்கவில்லை. ஒவ்வோர் உருப்படிக்கும் தேதி போட 2002இல் வந்த 2.0 வடிவத்தில் இடம் வந்தபோது அந்தப் பழக்கத்துக்கு இலக்கணமும் கிடைத்துவிட்டது.

இடையில் நடந்த பங்காளிச் சண்டையை விரிவாகச் சொல்ல இடமில்லை. நெட்ஸ்கேப் 2001இல் பிள்ளையைக் கைவிட்டது. அதற்கு முன்பே 2000 டிசம்பரில் இரண்டு அணிகள் இரண்டு வடிவங்களை வெளியிட்டிருந்தன. ஓர் அணியில் இருந்த ஆரன் சுவார்ட்சுக்கு அப்போது வயது 14.

ஓடைக்குச் செய்ய வேண்டிய நியாயத்தையும் செய்துவிடுகிறேன். யாருக்கும் சொந்தமில்லாத வடிவமாக அது பரவியது. 2004இல் தொடங்கிய தமிழ்மணம், சிதறிக் கிடந்த தமிழ்ப் பதிவுகளின் ஓடைகளை ஒரே பக்கத்தில் சேர்த்தது. பெயர் பெற்ற எழுத்தாளரும் நேற்று எழுத வந்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். இப்போதுதான் எழுதினேன் என்பது மட்டுமே மேலே வரத் தகுதி. எந்தப் பத்திரிகை ஆசிரியரிடமும் கைகட்டி நிற்காமல் பலர் எழுத வந்தது இப்படித்தான். ஆனால் அந்தத் தகுதி சில மணி நேரத்துக்குத்தான். (ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயருக்குத் தீனி என்று பொருள். நாம் ஓடை என்று அழகாக வைத்துக்கொண்டோம்.)

2006இல் ஃபேஸ்புக் தன் ஓடையைத் திறந்தது. எதை யாருக்குக் காட்டுவது என்பது மெல்ல மெல்ல மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் கணக்காயிற்று. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் மூடப்பட்டது. நல்ல ஓடையை நிறுவனங்கள் கெடுத்துவிட்டன என்ற கதையாடல் நம்மிடையே செல்லுபடியாகிறது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. புதிதே முக்கியம் என்று நம்மைப் பழக்கியது அந்த நல்ல ஓடைதான். நிறுவனங்கள் பழக்கிய மாட்டைத்தான் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

என் கதைக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் உண்மையான தேதியைக் கையால் போட்டுப் பார்த்தேன். அத்தனையும் ஓடையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஒருவர் கண்ணிலும் படவில்லை. பொய்த் தேதி போட்டால் வெண்மணி இன்று எரிகிறது, மெய்த் தேதி போட்டால் எரிந்ததாகவே தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் ஆண்டை எழுதி, அனுப்புகிற நாளைத் தேதியாகக் கொடுக்கிறேன். தினம் மூன்று. ஆண்டைச் சரிபார்க்க ஒவ்வொன்றையும் நான் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. சிலவற்றைத் தேடிப் போனால் பக்கமே இல்லை. பட்டியல் கோப்பையும் கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன். இதுவரை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.