பத்தாண்டு வாழ்ந்த நித்திய நட்பு

உடன்படிக்கை என்னும் சொல் நமக்குப் புதியதன்று. திருப்பலிதோறும் புதியதும் நித்தியமுமான உடன்படிக்கையைப் பற்றிக் கேட்கிறோம். மறையுரைகளில் ஆபிரகாமின் உடன்படிக்கை, சீனாய் உடன்படிக்கை என்று விரித்துரைக்கிறோம். அரசர்கள் தம்முள் எழுதி முத்திரையிட்டுக்கொண்ட ஒப்பந்தங்களுக்கும் இதே சொல்லைத்தான் வழங்குகிறோம். 'நித்திய நட்பு' என்ற பெயரோடு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் திருவிதாங்கூர் அரசும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் இரண்டு உண்டு. முதலாவது 1795-இலும் இரண்டாவது 1805-இலும் எழுதப்பட்டன. நித்தியமான ஒரு நட்புக்குப் பத்தே ஆண்டுகளில் இன்னொரு நித்தியம் ஏன் தேவைப்பட்டது?

இது நம் வீட்டு வரலாறு. 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணையும் வரை, அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரின் பகுதிகளாகவே இருந்தன. அந்த நட்பின் விலையை நெல்லாகவும் பணமாகவும் குருதியாகவும் கொடுத்தவர்களுள் நம் முன்னோரும் உண்டு.

வலிமையோடு தொடங்கிய உறவு

ஐரோப்பியரோடு நம் அரசு கொண்ட உறவு அடிபணிதலில் தொடங்கவில்லை. 1721-இல் அஞ்சுதெங்குக் கோட்டை ஆங்கிலேயர் ஆற்றிங்கல் மக்களின் சினத்துக்கு ஆளாகிப் பெருந்தொகையினர் மாண்டனர். அதன்பின் 1723-இல் வேணாட்டு அரசோடு அவர்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1741 ஆகஸ்டு 10-ஆம் நாள் குளச்சல் கடற்கரையில் டச்சுப் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. சிறைப்பட்ட தெ லனாய் அதே மன்னரின் படைத்தலைவராக உயர்ந்தார். தூய தேவசகாயம் கிறிஸ்துவை அறியக் காரணமான அந்தப் போர்வீரர் 1777-இல் மறைந்து உதயகிரிக் கோட்டைக்குள் துயில்கிறார். 1753-இல் மாவேலிக்கரையில் செய்யப்பட்ட உடன்படிக்கையால், டச்சுக்காரர் பிற மலையாள மன்னர்களுக்குத் துணைநிற்பதைக் கைவிட்டனர். திருவிதாங்கூரோ அவர்களுக்கு மிளகு தர இசைந்தது. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் அஞ்சிய காலம் அது. நிகரானவர்களிடையே எழுதப்பட்ட ஒப்பந்தம் ஓரளவு நிலைக்கவும் செய்தது.

நிலைமை மாறியது அச்சத்தால். 1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தானின் படை வடக்கே நெடுங்கோட்டையைத் தாக்கியது. 'தர்மராஜா' எனப் பெயர்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மா கம்பெனியின் துணையை நாடியிருந்தார். போர் முடிந்தது, அச்சம் முடியவில்லை. மூன்று பட்டாளச் சிப்பாய்களின் செலவை ஆண்டுதோறும் மன்னர் கொடுப்பது, பகைவரிடமிருந்து கம்பெனி நாட்டைக் காப்பது என்று 1795-இல் நித்திய நட்பு எழுதப்பட்டது. மன்னரின் வழக்கமான உள்நாட்டு ஆட்சியில் கம்பெனி தலையிடாது என்ற உறுதியும் அதில் இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே மன்னர் மனமிசைந்திருக்கக்கூடும்.

இரண்டாவது நித்தியம்

1798-இல் தர்மராஜா மறைந்தார். அடுத்து வந்த பாலராமவர்மா இளையவர். அரண்மனையைச் சூழ்ந்திருந்தவர்களோ பேராசைக்காரர்கள். மக்களின் குமுறலுக்குத் தலைமை தாங்கி எழுந்தவர், நம் கல்குளம் பகுதியில் தலக்குளத்தைச் சேர்ந்த வேலுத்தம்பி. 1802-இல் அவர் தளவாய் ஆனார். கண்டிப்பான ஆட்சியாளர். கருவூலத்தை நிரப்பப் படைவீரரின் படிப்பணத்தைக் குறைக்க முயன்றபோது, 1804-இல் நாயர் படையினர் கிளர்ந்தெழுந்தனர். தளவாய், கம்பெனியின் ரெசிடென்டாக இருந்த கர்னல் மெக்காலேயின் துணையை நாடினார். கிளர்ச்சி அடங்கியது. துணைக்குரிய விலை 1805 ஜனவரியில் கேட்கப்பட்டது.

புதிய உடன்படிக்கையும் நித்திய நட்பு என்றே தொடங்கியது. ஒருவரின் நண்பர் இருவருக்கும் நண்பர், ஒருவரின் பகைவர் இருவருக்கும் பகைவர் என்றது. ஆனால் ஆண்டுத் தொகை ஏறத்தாழ எட்டு இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. தொகை தவறுமென்று கம்பெனி கருதினால் நாட்டின் எப்பகுதியையும் தன் நிருவாகத்தில் எடுத்துக்கொள்ளலாம். கம்பெனிக்குத் தெரியாமல் மன்னர் பிற அரசுகளோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாகாது. கம்பெனி அவ்வப்போது வழங்கும் அறிவுரைகளுக்கு அவர் முழுக் கவனம் செலுத்தவேண்டும். தலையிடமாட்டோம் என்ற 1795-இன் வாக்கு, அறிவுரை என்ற மென்மையான சொல்லுக்குள் புதைக்கப்பட்டது.

பணம் நிலுவையாயிற்று, தவணை கேட்ட தளவாய்க்கு நெருக்குதலே விடையாயிற்று. எந்த நட்பை நாடினாரோ அந்த நட்பை எதிர்த்தே வேலுத்தம்பி வாளெடுத்தார். 1808 டிசம்பரில் கொச்சியில் ரெசிடென்டின் மாளிகை தாக்கப்பட்டது, மெக்காலே தப்பினார். 1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து தளவாயின் அறைகூவல் எழுந்தது. பிப்ரவரி 10-ஆம் நாள் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் அடுத்து வீழ்ந்தன. மண்ணடிக் கோவிலில் உயிர் துறந்த தளவாயின் உடலைத் திருவனந்தபுரம் கொண்டுசென்று கண்ணம்மூலையில் தொங்கவிட்டனர். 1811-இல் ரெசிடென்ட் கர்னல் மன்றோவே திவானாகவும் பொறுப்பேற்றார். அறிவுரை கூறவந்த நண்பர் ஆட்சி நாற்காலியிலேயே அமர்ந்துவிட்டார்.

உரோமையும் யூதேயாவும்

விவிலியத்தை அறிந்தவர்க்கு இக்கதை எங்கோ கேட்டதாகத் தோன்றும். மக்கபேயர் முதல் நூலின் எட்டாம் அதிகாரத்தில், கிரேக்க மன்னரின் கொடுமைக்கு அஞ்சிய யூதா மக்கபே தொலைவிலுள்ள உரோமையரின் நட்பை நாடித் தூதர்களை அனுப்புகிறார். நட்பும் ஒப்பந்தமும் வெண்கலத் தகட்டில் பொறிக்கப்படுகின்றன. அடுத்த அதிகாரத்திலேயே யூதா களத்தில் வீழ்கிறார். உரோமைப் படை எதுவும் துணைக்கு வரவில்லை. அவருடைய உடன்பிறப்புகள் நட்பைப் புதுப்பித்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப்பின், கி.மு. 63-இல், உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றித் திருத்தூயகத்துக்குள்ளேயே நுழைந்தான்.

பசிபிக் பெருங்கடலின் தொங்கா தீவு அரசும் இவ்வழியே நடந்தது. 1876-இல் செருமனியோடும் 1879-இல் பிரித்தானியாவோடும் நட்பு உடன்படிக்கைகள் செய்தபோது, தன்னை நிகரான அரசாக உலகம் ஏற்றதென்று அது மகிழ்ந்தது. 1900-இல் வந்த இன்னொரு நட்பு உடன்படிக்கை அதன் வெளியுறவைப் பிரித்தானியாவின் கையில் ஒப்படைத்தது. அரியணை அவர்களிடமே எஞ்சியது; வெளியுறவு உரிமை முழுமையாகத் திரும்ப 1970 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஏட்டில் இல்லாத பெயர்

ஒரு வினாவை இங்கே தவிர்க்கலாகாது. அன்றைய திருவிதாங்கூரின் உரிமை யாருடைய உரிமை? அடிமைகளாக விற்கப்பட்டோரும், மேலாடை மறுக்கப்பட்ட பெண்களும் அந்நாட்டில்தான் வாழ்ந்தார்கள். மன்றோ ரெசிடென்டாக இருந்த 1812-இல் இராணி கௌரி லட்சுமிபாய் அடிமை விற்பனையைத் தடைசெய்தார். 1859-இல் நாடார் பெண்கள் தோள்மறைத்து உடுத்த, கட்டுப்பாடுகளோடேனும், இசைவு கிடைத்தது. தங்கள் மானத்துக்காக அம்மக்களே நடத்திய போராட்டம் அதற்குக் காரணம். சென்னை ஆளுநரின் வற்புறுத்தல் அதற்குத் துணை. ஆகவே அந்நியத் தலையீடு முழுவதும் தீமை என்றோ, மன்னராட்சி முழுவதும் நன்மை என்றோ நாம் எழுதிவிட இயலாது. ஆனால் ஒன்றைக் காணலாம். இரண்டு நித்திய நட்புகளிலும் மன்னர் இருக்கிறார், கம்பெனி இருக்கிறது, பட்டாளமும் பணமும் இருக்கின்றன. எட்டு இலட்சத்தை விளைவித்துக் கொடுத்த உழவரும் உழைப்பாளரும் எந்தப் பிரிவிலும் ஒரு தரப்பாக இல்லை. கேளாமல் எழுதப்பட்டது அவர்கள் தோளிலேயே ஏற்றப்பட்டது.

இதற்கு நேர்மாறான உடன்படிக்கை ஒன்றும் விவிலியத்தில் உண்டு. கிபயோன் மக்கள் சூழ்ச்சியால் யோசுவாவிடம் ஒப்பந்தம் பெற்றார்கள். உண்மை வெளிப்பட்ட பிறகும், ஆண்டவர் பெயரால் ஆணையிட்டதால், வலிமை மிக்க இசுரயேல் அவர்களை அழிக்கத் துணியவில்லை. பின்னாளில் சவுல் அவ்வாக்கை மீறியதற்குத் தாவீதின் காலத்தில் நாடே பஞ்சத்தால் வருந்தியது. எளியவருக்குக் கொடுத்த வாக்கும் வலியவரைக் கட்டும் என்பதே அங்கே நெறி. ஆரல்வாய்மொழியில் உடைந்தது அந்த நெறிதான்.

வலியவர் எளியவரோடு நட்புப் பேசுவது இன்றும் நின்றுவிடவில்லை. கடலோரத்திலும் மலையடிவாரத்திலும் வளர்ச்சியின் பெயரால் நம்மிடம் கையெழுத்துக் கேட்போர் வருகிறார்கள். குடும்பங்களிலும் பங்குகளிலும்கூட உதவிய கை, பிறகு அறிவுரை கூறும் கையாகவும், அதன்பின் ஆளும் கையாகவும் மாறுவதைக் காண்கிறோம். அப்போது கேட்கவேண்டியவை மூன்று: வாக்குத் தவறினால் வலியவருக்கு என்ன இழப்பு? தவறியதென்று தீர்ப்பிடுபவர் யார்? சுமையைத் தாங்கப்போகிறவர் உடன் அமர்த்தப்பட்டாரா?

நாம் திருப்பலியில் நினைவுகூரும் உடன்படிக்கையில் வலியவர் ஒருவரே. விலை கொடுத்தவரும் அவரே. பிறர் இரத்தத்தால் அவர் அதற்கு முத்திரையிடவில்லை. நட்பென்று யாரேனும் நம்மிடம் ஓர் ஏட்டை நீட்டும்போதும், நாமே பிறரிடம் நீட்டும்போதும், அந்தக் கிண்ணத்தருகே வைத்து அதைப் படித்துப் பார்ப்பது நலம்.