வரைகலையின் ஏற்றமும் எளியோர் கணினியும்

கணினி விளையாட்டுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் காட்சியழகின் ஏற்றத்தையே அவ்வரலாறு எனக் கொள்வர். தட்டையான உருவங்கள் முப்பரிமாணம் பெற்றமையும், ஒளியும் நிழலும் இயற்கையை ஒத்து அமைந்தமையும் வியந்து பேசப்படுவன. ஆயின் ஒவ்வோர் ஏற்றமும் வன்பொருளிடம் ஒரு விலையைக் கேட்டே வந்துள்ளது. வணிக நிறுவனத்தின் விளையாட்டை விரும்புவோர் புதுக் கணினி வாங்கி அவ்விலையைச் செலுத்தினர். ஊதியங் கருதாது, ஓய்வு நேரத்தில் விளையாட்டு ஆக்கும் ஆர்வலரிடையே அது யாரைச் சார்கின்றது என்பது ஆராயத்தக்கது. விளையாட்டுகளுக்கு அடிப்படையாய் நின்று காட்சியை வரைந்து இயக்கும் மென்பொருளை விளையாட்டுப் பொறி என்பர். ஆர்வலர் கைக்கு வந்த சில பொறிகளின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

1993 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலிருந்த இட் சொவ்ற்வெயர் நிறுவனம் 'டூம்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. 386 வகைச் செயலியும் 4 மெகாபைற் நினைவகமும் அதற்குப் போதுமாயிருந்தன. ஜோன் கார்மாக் அதன் பொறியை அமைத்த முறையே இதற்குக் காரணம். டூமின் உலகிற் சுவர்கள் யாவும் செங்குத்தானவை. நிலமும் கூரையும் மட்டமானவை. ஓர் அறையின்மேல் மற்றோர் அறை அமைதல் இயலாது. சுவரின் ஒரு செங்குத்துக் கோட்டிலுள்ள புள்ளிகள் அனைத்தும் ஒரே ஆழத்தில் இருத்தலின், ஆழத்தைக் காணும் வகுத்தற் கணக்கைக் கோட்டுக்கு ஒருமுறை செய்தாற் போதும். எளிய கணினியின் வரம்பே அவ்வுலகின் வடிவத்தை வகுத்தது எனலாம்.

1996 ஜூனில் அதே நிறுவனம் வெளியிட்ட 'குவேக்' இவ்வரம்புகளை உடைத்தது. சரிந்த தளங்களும் மேலுங் கீழுமாய் அடுக்கிய அறைகளும் அதில் இடம்பெற்றன. ஆகவே வகுத்தற் கணக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் வேண்டியதாயிற்று. கார்மாக்கும் மைக்கேல் ஏபிராஷும் 16 புள்ளிகளுக்கு ஒருமுறை மட்டுமே வகுத்து, இடைப்பட்டவற்றை மதிப்பிட்டு நிரப்பினர். பென்ரியம் செயலியின் மிதவைப்புள்ளிப் பகுதி வகுத்துக்கொண்டிருக்கையில், மற்றைப் பகுதி புள்ளிகளை வரைந்துகொண்டிருக்கும். இவ்வுத்தி நுட்பமானதே; எனினும் பென்ரியத்தை நம்பி நின்றது. டூமைச் செவ்வனே இயக்கிய 486 வகைக் கணினிகள் இங்கே தடுமாறின. இரண்டரை ஆண்டுக்குள் ஒரு தலைமுறைக் கணினிகள் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டன. 1997 ஜனவரியில் வரைகலை அட்டைகளுக்கென வெளிவந்த குவேக்கின் மற்றொரு வடிவம் இவ்விடைவெளியை மேலும் விரித்தது.

டூமின் மூலநிரல் 1997 இன் இறுதியிலும், குவேக்கின் மூலநிரல் 1999 இன் இறுதியிலும் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டன. அவற்றைக் கையேற்ற ஆர்வலர் இருவேறு வழிகளிற் சென்றனர். ஒரு சாரார் காட்சித்தரத்தை உயர்த்த முனைந்தனர். குவேக்கிலிருந்து வளர்ந்த 'டார்க்பிளேசஸ்' பொறி, முன்கூட்டியே கணித்து வைத்த ஒளிக்கு மேலாக, கணத்துக்குக் கணம் மாறும் ஒளியையும் நிழலையும் சேர்த்தது. 2005 இல் வெளிவந்த 'நெக்சுவிஸ்' என்னும் விளையாட்டு அதன்மீதே எழுந்தது. மறுசாரார் பழமையைப் பேணினர். 2005 இல் தோன்றிய 'சொக்கலேற் டூம்' பழைய பொறியின் குறைகளையும் எல்லைகளையுங்கூட மாற்றாது காத்தது. மூலநிரல் பொதுவுடைமையானமையால் ஒரு வழி மற்றையதை அழிக்கவில்லை. பழைய கணினி வைத்திருந்தோருக்கும் ஓர் இடம் எஞ்சியது.

ஒரே பொறிக்குள் இவ்விரு வழிகளும் மோதியபோது நிகழ்ந்ததை 'கோடோ' பொறியின் வரலாறு காட்டுகின்றது. ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த யுவான் லினியெற்ஸ்கி, ஏரியல் மன்சூர் ஆகியோர் ஆக்கிய இப்பொறியின் மூலநிரல் 2014 பெப்ரவரியில் வெளியிடப்பட்டது. சாமுவேல் பெக்கெற்றின் நாடகத்தைத் தழுவி இடப்பட்ட பெயர் அது. புதிய வசதிகளுக்கான முடிவில்லாக் காத்திருப்பை அது குறிக்கும் என ஆக்கியோரே கூறியுள்ளனர். 2018 ஜனவரியில் வந்த 3.0 பதிப்பு, பொருள்களின் மேற்பரப்பில் ஒளி படும் முறையை இயற்பியல் வழிநின்று கணிக்கும் புதிய வரைவு முறையைக் கொணர்ந்தது. அதற்கு ஓப்பன் ஜீ.எல். ஈ.எஸ். 3.0 என்னும் நியமம் வேண்டியிருந்தது, முன்னைய 2.0 நியமத்தில் இயங்கிய வரைவு முறை கைவிடப்பட்டது. காட்சி பொலிந்தது. ஆயின் பழைய கணினிகளும், புதிய நியமத்தைச் செம்மையாக நிறைவேற்றாத கைபேசிகள் பலவும் இடர்ப்பட்டன. 2019 மார்ச்சில் வந்த 3.1 பதிப்பிலே 2.0 நியமத்துக்குரிய வரைவு முறை மீண்டும் எழுதிச் சேர்க்கப்பட்டது. கைவிட்டதைத் திரும்பக் கட்டும் உழைப்பு இருமடங்காயிற்று.

அப்பாடம் வீண்போகவில்லை. 2023 மார்ச்சில் வெளிவந்த 4.0 பதிப்பு 'வல்கன்' என்னும் புதிய நியமத்தைத் தழுவியபோதும் மூன்று வரைவு முறைகளை வகுத்தது: ஆற்றல்மிக்க கணினிகளுக்கு ஒன்று, கைபேசிகளுக்கு ஒன்று, பழைய ஓப்பன் ஜீ.எல். மீது இயங்கும் எளிய கணினிகளுக்கு ஒன்று. பரந்த வெளிகளில் ஒளி எதிரொளிக்கும் முறையைக் காட்டும் உயர்ந்த உத்தி முதலாவதற்கே உரியது. அது கிட்டாதோர் அழகிற் சிலவற்றை இழப்பர். ஆக்கும் உரிமையை இழப்பதில்லை. முந்திய மூன்றாந் தொடரும் நிறுத்தப்படாது, 2024 இல் 3.6 பதிப்பாக வெளிவந்தது.

இவ்வரலாற்றினின்றும் பெறத்தக்க உண்மை ஒன்றுண்டு. வணிகப் பொறியைப் பொறுத்தவரை எளிய கணினி உடையோன் இழக்கத்தக்க ஒரு வாங்குவோன். ஆர்வலர் பொறியிலோ பயன்படுத்துவோனே நாளை அதன் பிழையைத் திருத்துவோன்; அதற்கு விளக்கவுரை எழுதுவோன்; அடுத்த வசதியைக் கட்டுவோன். அவனுடைய கணினியை ஒதுக்கும் பொறி தன் கைகளுள் ஒன்றையே ஒதுக்குகின்றது. மூன்று வரைவு முறைகளைப் பேணுதல் கடினமே. ஒவ்வொரு புதுமையையும் மும்முறை எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது. எனினும் அச்சுமை பொறியை ஆக்குவோரின் தோளில் இருக்கும்வரை, பழைய கணினியொன்றின் முன் அமர்ந்து முதன்முதலில் ஒரு விளையாட்டை ஆக்க முனையும் மாணவனின் தோளில் அது விழாது.