காங்கிரா பள்ளத்தாக்கின் உப்பு



உப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது ருசி. இன்று நான் சொல்லப்போவது உப்பைக் கொண்டு ஒரு நோயை ஒடுக்கிய வரலாறு. இது நடந்தது இந்தியாவில், இமயமலை அடிவாரத்திலுள்ள காங்கிரா பள்ளத்தாக்கில்.

அங்கே தலைமுறை தலைமுறையாகப் பலருக்கும் முன்கழுத்தில் கழலை இருந்தது. மழையும் பனியாறுகளும் மலைமண்ணிலிருந்த அயோடினை அரித்துக்கொண்டு போய்விட்டன. மண்ணில் இல்லாதது பயிரில் வராது. பயிரில் இல்லாதது உடலில் சேராது. அயோடின் கிடைக்காத தைராய்டு சுரப்பி பருத்து வீங்குகிறது. வீக்கமாவது கண்ணுக்குத் தெரிகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுவதை யார் காண்பது? படிப்பு ஏறாத பிள்ளையைச் 'சோம்பேறி' என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இந்த வரலாறு என்னை உறுத்துகிறது.

1956இல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் பள்ளத்தாக்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தனர். இரண்டு வட்டாரங்களுக்கு அயோடின் கலந்த உப்பு சென்றது. ஒன்றில் பொட்டாசியம் அயோடைடு, மற்றொன்றில் பொட்டாசியம் அயோடேட். மூன்றாவது வட்டாரத்துக்கு வழக்கமான உப்பு. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைச் சோதித்தபோது, முதல் இரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. மூன்றாவதில் குறையவே இல்லை. உண்மையை நிலைநாட்ட அந்த வட்டாரம் தேவைப்பட்டது என்பது விளங்குகிறது. ஆயினும் அந்த ஆறு ஆண்டுகளில் அங்கே பிறந்த குழந்தைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பின்னர் அவர்களுக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அங்கும் கழலை இறங்கியது.

1962இல் தேசியத் திட்டம் தொடங்கியது. ஆனால் தேவைக்கேற்ற உப்பு உற்பத்தியாகவில்லை. 1983இல் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. 1986 முதல் நாடு முழுவதற்கும் என்று திட்டம் விரிந்தது. வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்குவது அயோடேட் என்பதால் அதையே கலந்தனர். ஆலையில் பத்து லட்சம் பங்கு உப்புக்கு 30 பங்கு அயோடின். வீட்டை அடையும்போது 15 பங்காவது இருக்க வேண்டும்.

பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்பதற்கு இருந்த தடையை 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு நீக்கியது. எந்த உப்பை உண்பது என்பது அவரவர் விருப்பம் என்றனர். கண்ணெதிரே கழலை குறைந்த பின், மருந்து எதற்கு என்று கேட்பது எளிதுதானே! 2006 மே மாதம் தடை மீண்டும் வந்தது.

இடைப்பட்ட காலத்தின் கணக்கைப் பாருங்கள். 1998–99 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் போதிய அயோடின் கொண்ட உப்பு இருந்த வீடுகள் நூற்றுக்கு 49. 2005–06இல் 51. ஏழு ஆண்டுகளில் இரண்டே வீடுகள்! 2015–16இல் 93 என்று வந்தது. இதைக் கண்டு உடனே மகிழ்ந்துவிடலாகாது. முந்தைய இரண்டும் அளவு போதுமா என்று பார்த்தன. இதுவோ, உப்பில் ஒரு துளி மருந்து விட்டு, நீலமாகிறதா என்பதை மட்டுமே பார்த்தது.