ஒரே அமைச்சர், ரெண்டு துறைமுகம்

2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கட ஊர் தேத்தண்ணிக் கடைகளிலயும் இந்தக் கதைதான். "துறைமுகத்தையெல்லாம் தனியாருக்குக் குடுத்தா நாடு முன்னேறிரும்" என்பார் ஒருத்தர். "குடுத்தா நாடே போயிரும்" என்பார் மற்றவர். கல்முனைக்குடியில இருக்கிற நாங்க இதை ஒலுவிலில இருந்து பார்ப்பம்.

மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் 1994இல் துறைமுக அமைச்சரானார். ஒலுவில் துறைமுகம் அவருடைய கனவு. மட்டக்களப்போடு ரயில் பாதை நின்றுபோன இந்தக் கரைக்கு, கடல் வழியாவது ஒரு வாசல் வேணும் என்பதில் நியாயம் இருந்தது.

ஆனால் நாங்க அதிகம் பேசாத ஒன்று இருக்கு. அவர் அமைச்சராக இருந்தபோதுதான், 1999இல், கொழும்பின் எலிசபெத் மகாராணி இறங்குதுறை 30 வருட ஒப்பந்தத்தில் தனியார் கம்பனிக்குப் போனது. ஜோன் கீல்ஸ், பி அன்ட் ஓ போன்றவை அதன் பங்காளிகள். துறைமுக அதிகாரசபைக்கும் 15 வீதப் பங்கு இருந்தது. அந்த முனையம் நல்லா ஓடியது. கம்பனியின் திறமை மட்டும் காரணமில்ல. இந்தியாவுக்குப் போற சரக்கு ஏற்கனவே கொழும்பில்தான் கப்பல் மாறிக்கொண்டிருந்தது.

அஷ்ரப் 2000இல் மரணித்தார். ஒலுவில் வேலை 2008இல்தான் தொடங்கியது. டென்மார்க் வங்கிக் கடனில் கட்டி, 2013 செப்டம்பரில் திறந்தாங்க. சரக்குக் கப்பல் வழமையா வரவேயில்ல. இந்தக் கரையில மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அலைத்தடுப்புச் சுவர் அதை மறிச்சதும் துறைமுக வாய் மணலால் அடைபட்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரிச்சது. தென்னை போச்சு, தோணி இழுக்கிற இடமும் போச்சு.

இது அரசாங்கம் கட்டிய துறைமுகம். அப்ப தனியார் கட்டியிருந்தா? சரக்கு இல்லாத இடத்துக்கு அவங்க வந்திருக்கவே மாட்டாங்க. அம்பாந்தோட்டையிலயும் கட்டினது அரசாங்கம்தான். 2017இல் 112 கோடி டொலருக்கு, 99 வருடத்துக்குச் சீனக் கம்பனியிடம் குத்தகைக்குப் போனது. கட்ட வாங்கின கடன் மட்டும் அரசாங்கத்தின் கணக்கிலேயே நின்றது.

அதனால, யார் நடத்துறது என்பதுக்கு முதல் கேட்கவேண்டியது ரெண்டு: சரக்கு எங்கேயிருந்து வரும்? நட்டம் வந்தா யார் தலையில விழும்? நாளைக்கு ஒலுவிலை யாரிடமாவது குடுக்க வந்தால், ஒப்பந்தத்தில நாங்க முதலில் தேடவேண்டியது நிந்தவூர்க் கரையைப் பற்றி என்ன எழுதியிருக்கு என்பதைத்தான்.